கறண்ட் கேள்விகள்: வயர் சுடுகிறது, என்ன செய்யலாம்?

போன இதழில், ஒரே மல்ரி பிளக்கில் கேத்திலையும் அயனையும் சேர்த்துக் குத்தாதீர்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகள் எல்லாம் வயரைப் பற்றித்தான். பிறிஜ் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற சனம், அதற்குக் கறண்ட் கொண்டுபோகிற வயரை மட்டும் கையில் அகப்பட்டதில் பார்த்துக்கொள்கிறது. சரி, கடிதங்களுக்கு வருவோம். இடம் காணாததால் சிலதைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணை, எங்கள் றைஸ் குக்கரின் வயரை எலி கடித்துவிட்டது. மகனின் கொம்பியூட்டர் வயர் அதே மூன்று ஓட்டையோடு அப்படியே பொருந்துகிறது, அதைப் போட்டுத்தான் இப்போது சமைக்கிறேன். சோறு வேகிறது, ஆனால் வயர் கொஞ்சம் சூடாக இருக்கிறது. பயமில்லையா? அதே வயரைக் கேத்திலுக்கும் போடலாமா? (வாசகி, விசுவமடு)

பதில்: முதலில் குக்கரைக் கவிழ்த்து அடியில் உள்ள தகட்டைப் பாருங்கள் தங்கச்சி. எத்தனை வாற்ஸ் என்று போட்டிருக்கும். எங்கள் வீட்டுக் கறண்ட் 230 வோல்ற், ஆகவே வாற்ஸை 230ஆல் வகுத்தால் எத்தனை அம்பியர் இழுக்கிறது என்று வந்துவிடும். 700 வாற்ஸ் குக்கர் 3 அம்பியர், 1000 வாற்ஸ் அயன் 4.3, 2000 வாற்ஸ் கேத்தில் 8.7. அடுத்து வயரின் தோலில் அச்சடித்திருப்பதை வெளிச்சத்தில் பிடித்து வாசியுங்கள். 0.75 என்று இருந்தால் உள்ளே ஒவ்வொரு கம்பியிலும் இருக்கிற செம்பு 0.75 சதுர மில்லிமீற்றர். அதை 6 அம்பியரோடு நிற்பாட்டிக்கொள்வது நல்லது. 1.0 என்றால் 10 அம்பியர், 1.25க்கு 13, 1.5க்கு 15. கொம்பியூட்டர் வயர் பெரும்பாலும் 0.75தான், ஆக உங்கள் குக்கருக்குக் கணக்குப்படி அது காணும்.

பிறகு ஏன் சுடுகிறது என்று கேட்பீர்கள். எந்த இடத்தில் சுடுகிறது என்று பாருங்கள், அதில்தான் விடை இருக்கிறது. வயர் முழு நீளத்துக்கும் ஒரே மாதிரிச் சுட்டால் அச்சடித்த அளவுக்கு உள்ளே செம்பு இல்லை. குக்கரில் செருகுகிற வாய்ப் பக்கமோ பிளக் பக்கமோ மட்டும் சுட்டால் அங்கே பிடிப்புத் தளர்ந்துவிட்டது, இரண்டாவதுதான் ஆபத்துக் கூடியது, ஏனென்றால் தளர்ந்த இடம் சுடச் சுட இன்னும் தளரும், பிறகு மண்ணிறமாகும், பிறகு உருகும், அதுவரைக்கும் சோறு ஒழுங்காக வெந்துகொண்டே இருக்கும். இளஞ்சூடு பரவாயில்லை. கையில் பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு என்றால் சுவிச்சை நிற்பாட்டி, பிளக்கைக் கழற்றி, அந்த வயரை மறந்துவிடுங்கள். மிச்ச வயரைச் சுருட்டிக் கட்டி குக்கருக்குப் பின்னால் செருகியிருந்தால் அதையும் விரித்துவிடுங்கள், சுருட்டிய வயரில் சூடு வெளியே போக வழியில்லை.

கேத்திலுக்குப் போடாதீர்கள். கழற்றுகிற வயரோடு வருகிற கேத்தில் என்றால் அதன் வயர் வாயில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், கேத்திலில் அதற்கேற்ற மேடு இருக்கும். அந்த வாய் 120 பாகைச் சூடு தாங்கும், கொம்பியூட்டர் வயரின் வாய் 70 பாகைக்குத்தான் செய்தது. அது தெரியாமல் மேட்டைக் கத்தியால் சீவிவிட்டுக் கொம்பியூட்டர் வயரைச் செருகுகிற கெட்டிக்காரர் எல்லா ஊரிலும் ஒருவராவது இருக்கிறார். அயனுக்கும் அப்படித்தான், துணி சுற்றிய வயர் வருவது வடிவுக்காக இல்லை, சூடான தகடு பட்டால் சாதாரண பிளாஸ்ரிக் தோல் உருகி உள்ளே கம்பி தெரியும். அயன் வயர் பழுதானால் துணி சுற்றிய வயரே வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: கிளிநொச்சியில் ஒரே நீள எக்ஸ்ரென்சன் கோட் ஒரு கடையில் ஒரு விலை, பக்கத்துக் கடையில் அதன் மூன்று மடங்கு. இரண்டிலும் 13 அம்பியர் என்றுதான் போட்டிருக்கிறது. எதை நம்புவது? (வாசகர், தர்மபுரம்)

பதில்: பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள், வயரில் போட்டிருப்பதைப் பாருங்கள். ஒழுங்கான வயரில் செய்தவர் பெயர், தர எண், கம்பிகளின் எண்ணிக்கை, தடிப்பு எல்லாம் நீளத்துக்கு அச்சடித்திருக்கும். 3ஜி1.25 என்று இருந்தால் மூன்று கம்பி, அதில் ஒன்று பச்சை மஞ்சள் எர்த், தடிப்பு 1.25. ‘ஜி’க்குப் பதிலாக ‘எக்ஸ்’ இருந்தால் எர்த் கம்பி இல்லை என்று அர்த்தம். ஒன்றுமே அச்சடிக்காத மொட்டை வயர், அல்லது தடிப்பைச் சொல்லாமல் ‘தரமானது’ என்று மட்டும் சொல்கிற வயர் என்றால் கீழே வைத்துவிட்டு வாருங்கள். எஸ்.எல்.எஸ். என்கிற இலங்கைத் தர முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள், பெட்டியில் மட்டும் இல்லை, சாமானிலேயே.

பிறகு பிளக். 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கில் லைவ், நியூட்ரல் இரண்டு பின்களுக்கும் அடிப்பாகத்தில் கறுப்பு பிளாஸ்ரிக் உறை இருக்க வேண்டும், பாதி கழன்ற நிலையில் பிள்ளைகளின் விரல் பட்டாலும் அடிக்காமல் இருக்க. எர்த் பின்னுக்கு அந்த உறை இருக்கக் கூடாது. மூன்றுக்கும் உறை போட்ட பிளக் நிறைய வருகிறது, பார்க்கப் பாதுகாப்பு மாதிரித் தெரியும், ஆனால் எர்த் பின்னில் உறை இருந்தால் உள்ளே எர்த் சரியாகத் தொடாது. பிளக்கில் பியூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். மலிவுப் பிளக்குகளில் பியூஸ் வைக்கிற மூடி மாதிரி ஒரு கோடு இருக்கும், உள்ளே பியூஸே இருக்காது.

கடைக்காரர் மனம் கோணாவிட்டால் ஒரு காந்தத்தை வயரின் வெட்டிய முனையில் பிடித்துப் பாருங்கள். செம்பு ஒட்டாது, ஒட்டினால் உள்ளே இரும்புக் கம்பிக்குச் செம்புப் பூச்சு. அலுமினியத்துக்குச் செம்பு பூசியதைக் காந்தம் காட்டிக்கொடுக்காது, ஒரு நூலைப் பிளேட்டால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அப்புறம் கையில் தூக்கிப் பாருங்கள், ஒரே நீள வயர் இரண்டில் ஒன்று சும்மா காற்று மாதிரி இருந்தால் அந்த விலை ஏன் குறைந்தது என்று விளங்கும். நானாக இருந்தால் பூட்டி முடித்து விற்கிற எக்ஸ்ரென்சனை வாங்க மாட்டேன். ஏ.சி.எல். அல்லது களனி வயரை ஹாட்வெயாரில் மீற்றர் கணக்கில் 1.5இல் வெட்டி வாங்கி, நல்ல பிளக்கும், பிளக் குத்துகிற பெட்டியும் தனியாக வாங்கி, தெரிந்த எலெக்ரீசியனிடம் கொடுத்துப் பூட்டுவேன். செலவு கொஞ்சம் கூடத்தான் போகும்.

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டக் கிணறு வீட்டில் இருந்து 40 மீற்றர். கச்சானுக்குத் தண்ணி விட 1 குதிரைவலு மோட்டர் வைத்திருக்கிறேன். வீட்டுப் பிளக்கில் இருந்து 1.0 வயர் இழுத்துக் கொடுத்தால் மோட்டர் ‘உம்’ என்று நிற்கிறது, சுற்றவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து குத்தினால் சுற்றுகிறது. மோட்டர் பழுதா, வயர் பழுதா? மோட்டர் 6 அம்பியர்தானே, 1.0 வயர் 10 அம்பியர் தாங்கும் என்று கடையில் சொன்னார்கள். (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார். 10 அம்பியர் என்பது வயர் உருகாமல் தாங்குகிற அளவு. மோட்டருக்குப் போய்ச் சேருகிற வோல்ற் எவ்வளவு என்பது வேறு கணக்கு. ஹோஸ் நீளம் கூடக் கூட முனையில் தண்ணி வேகம் குறைகிற மாதிரித்தான், வயர் மெலிந்து நீளம் கூடினால் வோல்ற் வழியிலேயே கரைந்துவிடும்.

கணக்கையும் பாருங்கள். 40 மீற்றர் என்றால் போக 40, வர 40, மொத்தம் 80 மீற்றர் செம்பு. 1.0 வயரில் 80 மீற்றருக்குத் தடை ஏறக்குறைய 1.56 ஓம். மோட்டர் சுற்றிக்கொண்டிருக்கும்போது 6 அம்பியர், அப்போது 9 வோல்ற்தான் குறையும், பரவாயில்லை. ஆனால் மோட்டர் கிளம்புகிற அந்த நொடியில் ஐந்து மடங்கு, சில மோட்டர் அதைவிடக் கூடவும் இழுக்கும். 30 அம்பியர் என்று வைத்தால் 47 வோல்ற் வயரிலேயே போய்விடும், மோட்டருக்கு மிஞ்சுவது 180 சொச்சம். உங்கள் வீடு லைன் கடைசியில் இருந்து, பொழுதுபட எல்லாரும் லைற் போடுகிற நேரத்தில் வீட்டிலேயே 230 வருவதில்லை என்றால் இன்னும் மோசம். கிளம்ப முடியாமல் ‘உம்’ என்று நிற்கிற மோட்டர் அந்த 30 அம்பியரையும் இழுத்துக்கொண்டே நிற்கும், இரண்டு நிமிடம் விட்டால் உள்ளே வைண்டிங் கருகிவிடும். ஆகவே சுற்றாவிட்டால் உடனே நிற்பாட்டுங்கள், காலால் தட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

2.5 வயர் போட்டால் அதே 80 மீற்றருக்கு 0.64 ஓம், கிளம்பும்போது குறைவது 19 வோல்ற். அது காணும். வீட்டு வோல்ற் ஏற்கெனவே குறைவு என்றால் 4.0 போடுங்கள், விலை கூட என்றாலும் மோட்டர் வைண்டிங் கட்டுகிற செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2.5 போட்டும் கிளம்பாவிட்டால் மோட்டரைக் கிளப்பிவிடுகிற கப்பாசிற்றரை மாற்றிப் பார்க்கலாம்.

இன்னொன்று. தோட்டத்துக்கு நிரந்தரமாகப் போகிற கறண்டைப் பிளக்கில் குத்தி எடுக்கிற பழக்கமே சரியில்லை. மெயின் போட்டில் இருந்து தனி பிரேக்கர் வைத்து, குழாய்க்குள் போட்டு மண்ணில் தாழ்த்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மண்வெட்டி படாத ஆழம் வேண்டும். மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிட்ட வயரின் தோல் எங்கள் வெயிலுக்கு வெடிக்கும், மாரியில் அந்த வெடிப்புக்குள் தண்ணி போகும், ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கிறவர் நீங்கள்தான். மோட்டர் உடம்புக்கு எர்த் கட்டாயம். எர்த் இருந்தால் மட்டும் போதாது, கறண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிச்சும் வேண்டும். வன்னியில் கோடையில் மண் காய்ந்து கிடக்கும்போது எர்த் கம்பியின் தடை கூடிவிடும். 50 ஓம் என்று வைத்தால் லைவ் கம்பி மோட்டர் உடம்பில் பட்டாலும் எர்த் வழியாக ஓடுவது 4.6 அம்பியர்தான், 13 அம்பியர் பியூஸ் அதைக் கவனிக்கவே மாட்டாது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் உடனே விழுத்திவிடும். அதில் இருக்கிற சோதனைப் பொத்தானை மாதம் ஒருக்கால் அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

கேள்வி: என் அப்பா சண்டைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர், பற்றறியில் லைற் எரித்தவர். வீட்டில் எந்த வயர் அறுந்தாலும் தானே முறுக்கி, ரேப் சுற்றிவிடுவார். பிறிஜ் வயரில் இரண்டு இணைப்பு, மிக்ஸி வயரில் ஒன்று. எலெக்ரீசியனைக் கூப்பிடுவோம் என்றால் கோபம் வருகிறது. என்ன சொல்லி விளங்கப்படுத்துவது? (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: அப்பாவைக் குறைவாகப் பேசாதீர்கள். கறண்ட் இல்லாமல் கிடந்த அந்த வருசங்களில், கைக்கு அகப்பட்ட வயர்த்துண்டை வைத்துச் செய்தி கேட்க வைத்த தலைமுறை அது. 2009க்குப் பிறகு கம்பி இழுத்துக் கறண்ட் வந்தபோது எங்கள் பக்கத்தில் முதலில் பிளக் பூட்டினதும் அப்படிப்பட்ட ஆட்கள்தான். அவருக்குக் கைவேலை தெரியும். பிரச்சினை என்னவென்றால், 6 வோல்ற்றிலும் 12 வோல்ற்றிலும் பிழைக்காத கைவேலை 230இல் பிழைக்கும். அதைக் கணக்கோடு சொன்னால் அவருக்கு என்னைவிட நன்றாக விளங்கும்.

சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற்ஸ். அரை அம்பியர்தான் ஓடும். முறுக்கிய இணைப்பில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள், அங்கே உண்டாகிற சூடு 0.025 வாற்ஸ், ஒன்றுமே இல்லை. அதே இணைப்பு ஒரு கேத்தில் வயரில் இருந்து 9 அம்பியர் ஓடினால் 8 வாற்ஸ். ஒரு எல்.ஈ.டி. பல்ப் அளவு சக்தி முழுவதும் சூடாக, ரேப்புக்குள்ளே, ஒரு கச்சான் பருப்பு அளவு இடத்தில். செம்பு சூடாகிக் கறுக்கும், கறுத்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், ரேப்பின் பசை இளகிக் கழன்று வரும். பிறிஜ் அவ்வளவு இழுக்காது என்றாலும் அது இரவு பகலாக ஓடுகிறது, கிளம்பும்போது இழுப்புக் கூட, போதாததற்கு எலியும் எறும்பும் கரப்பானும் அதன் பின்னால்தான் குடியிருக்கின்றன. உடம்பில் பட்டாலும் கணக்கு வேறு. 12 வோல்ற்றைக் காய்ந்த கையால் தொட்டால் தெரியவே தெரியாது, 230ஐ ஈரக் கையால் தொட்டால் நெஞ்சை நிற்பாட்டக் காணுமான அளவுக்கு மேலேயே ஓடும்.

அவரிடம் இப்படிக் கேளுங்கள்: ‘அப்பா, இந்த வயரை முழுசாக மாற்றித் தாங்களேன்’. வேலையைப் பறிக்காதீர்கள், புது வயரையும் பிளக்கையும் வாங்கிக் கையில் கொடுங்கள். பிளக் பூட்டுவதில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான்: மண்ணிறம் பியூஸ் பக்கம், நீலம் மற்றப் பக்கம், பச்சை மஞ்சள் மேலே எர்த் பின்னுக்கு. பழைய வயர் என்றால் சிவப்பு, கறுப்பு, பச்சை. எர்த் கம்பியைக் கொஞ்சம் நீளமாக விட வேண்டும், யாராவது இழுத்தால் அது கடைசியாகக் கழர வேண்டும் என்பதற்காக. வெளித்தோல் பிளக்குக்குள் வந்து, அந்தப் பிடிக்கிற கட்டைக்குக் கீழே இறுகியிருக்க வேண்டும், உள்ளே இருக்கிற சின்னக் கம்பிகளில் இழுவை வரக் கூடாது. முனைக்கு ஈயம் பற்ற வைக்கவே வேண்டாம், இறுக்கிய ஸ்குரூவுக்குக் கீழே ஈயம் நாளடைவில் நசிந்து தளரும். வயர் அறுந்தது பிளக்குக்குக் கிட்ட என்றால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு நேரடியாகப் பிளக்கில் பூட்டிவிடலாம், இணைப்பே தேவையில்லை.

பியூஸ் போனால் சிகரெட் பெட்டி ஈயத்தாள் சுற்றுகிற பழக்கம் அவருக்கு இருந்தால் அதை மட்டும் கண்டிப்பாக நிற்பாட்டுங்கள். பிளக்கில் இருக்கிற பியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான். 700 வாற்ஸுக்கு உட்பட்ட சாமானுக்கு 3 அம்பியர், அதற்கு மேல் 13. பிறிஜ் மட்டும் விலக்கு, வாற்ஸ் குறைவு என்றாலும் கிளம்பும்போது இழுக்கும், பிளக்கோடு வந்த அளவையே போடுங்கள்.

கேள்வி: கனடாவில் இருந்து மாமி ஒரு றைஸ் குக்கர், பிரான்சில் இருந்து அண்ணா ஒரு மிக்ஸி கொண்டுவந்தார்கள். இரண்டின் பிளக்கையும் வெட்டி எங்கள் 13 அம்பியர் பிளக் பூட்டலாமா? (வாசகர், வவுனியா)

பதில்: பிரான்ஸ் மிக்ஸிக்குப் பூட்டலாம், அங்கேயும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். கனடாக் குக்கருக்குப் பூட்டாதீர்கள். அங்கே 120 வோல்ற். வயரையோ பிளக்கையோ அடப்டரையோ மாற்றுவதால் வோல்ற் மாறாது. 500 வாற்ஸ் குக்கரை 230இல் குத்தினால் கிட்டத்தட்ட 1800 வாற்ஸ் இழுக்கும், சோறு வேகிறதுக்கு முதல் குக்கர் வெந்துவிடும். அதற்கு இறக்குகிற ட்ரான்ஸ்போமர் வாங்குகிற காசில் இங்கேயே நல்ல குக்கர் வாங்கலாம். மாமிக்கு இதை நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும், என்னால் உதவ முடியாது. லப்ரொப், போன் சார்ஜர் என்றால் தகட்டில் 100–240 என்று போட்டிருக்கும், அவற்றுக்குப் பிரச்சினை இல்லை.

பிரான்ஸ் சாமானில் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே எர்த் தொடுகிற முறை வேறு, பிளக் பொயின்றில் இருந்து ஒரு பின் நீட்டிக்கொண்டிருக்கும், அது பிளக்கில் உள்ள ஓட்டைக்குள் போகும். இங்கே விற்கிற மலிவு அடப்டரில் எர்த் அறுந்துபோகும். மூன்று கம்பி உள்ள சாமான் என்றால் அடப்டரை விட்டுவிட்டு, வெட்டி, எர்த்தோடு சரியான பிளக் பூட்டுங்கள். உடம்பில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால் அதற்கு எர்த் தேவையில்லை, இரண்டு கம்பி காணும்.

கேள்வி: இரண்டு பின் சார்ஜரை எர்த் ஓட்டைக்குள் பேனையைக் குத்திச் செருகுகிறோம். எல்லாரும் செய்கிறார்கள்தானே? (மாணவர், மல்லாவி)

பதில்: செய்கிறார்கள், தெரியும். எர்த் பின் மற்றதை விட நீளமாக இருப்பதே அது முதலில் போய் லைவ், நியூட்ரல் ஓட்டைகளின் மூடியைத் திறக்க வேண்டும் என்பதற்குத்தான். பேனையால் திறந்தால் மூடி உடையும், பிறகு தம்பியோ தங்கச்சியோ ஊசியைக் குத்தினாலும் திறந்தே கிடக்கும். உருண்டைப் பின் சதுர ஓட்டையில் இறுகவும் மாட்டாது, உள்ளே தீப்பொறி பறக்கும். 2017இல் 13 அம்பியர் சதுரப் பின்னை நாட்டுக்கு ஒரே தரமாக அறிவித்ததே இந்தக் கலப்படக் கூத்தை நிற்பாட்டத்தான். பியூஸோடு ஒரு அடப்டர் வாங்கு தம்பி, பேனையை எழுத வைத்துக்கொள்.

கேள்வி: வற்றாப்பளைப் பொங்கலுக்கு நாங்கள் பெடியங்கள் சேர்ந்து தேநீர்க் கடை போடுகிறோம். பக்கத்து வீட்டில் இருந்து கறண்ட் எடுக்கப்போகிறோம். என்ன வயர் போடுவது? (வாசகர், முள்ளியவளை)

பதில்: லைற் மட்டும் என்றால் 1.0 மூன்று கம்பி வயர் தாராளம், எல்.ஈ.டி. பல்ப் பத்துப் போட்டாலும் அரை அம்பியர் வராது. தண்ணி கொதிக்க வைக்கக் கேத்திலோ பொயிலரோ வைப்பதென்றால் 2.5 போடுங்கள், அல்லது காஸ் அடுப்புக்கு மாறுங்கள், நான் சொல்வது காஸ் அடுப்பு. உருளையில் சுற்றிய எக்ஸ்ரென்சன் வாடகைக்கு எடுத்தால் முழுவதும் கழற்றி விரித்துவிட வேண்டும். 3000 வாற்ஸ் தாங்குகிற உருளை, சுற்றியபடி இருந்தால் 1000 வாற்ஸ் அளவுக்குத்தான், லேபலிலேயே இரண்டு அளவும் போட்டிருக்கும். சனம் நடக்கிற பாதையில் வயரைப் பாய்க்குக் கீழே மறைக்காதீர்கள், தலைக்கு மேலே கயிறு கட்டி அந்தக் கயிற்றில் வயரைக் கட்டுங்கள். இணைப்புப் பெட்டியை மண்ணில் போடாமல் மேசைக்கு மேலே, மழைத்தண்ணியும் தேத்தண்ணியும் படாத இடத்தில் வையுங்கள். கறண்ட் தருகிற வீட்டில் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: 2022இல் 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டினபோது ஜெனரேற்றர் வாங்கினேன். இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் அதைச் சுவர்ப் பிளக்கில் குத்தினால் முழு வீடும் எரிகிறது. மெயின் சுவிச்சை நிற்பாட்டிவிட்டுத்தான் செய்கிறேன். சரிதானே? (கடை உரிமையாளர், மாங்குளம்)

பதில்: இல்லை. ஒரு முனையைக் குத்தியதும் மற்ற முனையில் பின் இரண்டும் 230 வோல்ற்றோடு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், இருட்டில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு திரிகிறவர் நீங்கள். ஒரே ஒரு நாள் மெயினை நிற்பாட்ட மறந்தால் கறண்ட் வீதி லைனுக்குப் போகும், ட்ரான்ஸ்போமர் அதை மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ற்றாக ஏற்றும், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய மின்சார சபைப் பெடியன் அங்கே இருப்பான். லைன் கறண்டும் ஜெனரேற்றர் கறண்டும் ஒரே நேரத்தில் சேர விடாத மாற்றுச் சுவிச் ஒன்று பூட்டுங்கள். அதுவரை ஜெனரேற்றரில் இருந்து எக்ஸ்ரென்சனை இழுத்துத் தேவையான சாமானை மட்டும் நேரடியாகக் குத்துங்கள். அந்த இரட்டைப் பிளக் வயரை இன்றைக்கே நடுவில் வெட்டிவிடுங்கள்.

கேள்வி: பன்றி தோட்டத்துக்குள் வராமல் வீட்டு வயரில் இருந்து வேலிக் கம்பிக்கு... (வாசகர், நெடுங்கேணி)

பதில்: வேண்டாம். மிச்சக் கேள்வியை நான் வாசிக்கவே இல்லை. சட்டப்படியும் குற்றம், பன்றிக்கு வைத்த கம்பியில் ஆட்கள் செத்த செய்தி எங்கள் பக்கத்தில் வந்துகொண்டேதான் இருக்கிறது. வேலிக்கென்றே விற்கிற, நொடிக்கு ஒருக்கால் சின்னத் துடிப்பாக மட்டும் அடிக்கிற மெஷின் இருக்கிறது, அதை அனுமதி கேட்டு வையுங்கள். வீட்டு வயரை வேலியில் இருந்து இந்த வரியை வாசிக்கும்போதே கழற்றுங்கள், கழற்ற முதல் மெயினை நிற்பாட்டுங்கள்.